விருதும் விலங்கும்: ‘இச்சிஜோ சயூரி – நனைந்த வேட்கை’ (1972) குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1919இல் தொடங்கப்பட்ட ‘கினேமா ஜுன்போ’ ஜப்பானின் மிகப் பழைய திரைப்பட இதழ்களில் ஒன்று. ஆண்டுதோறும் விமர்சகர்களின் வாக்குகளைக் கொண்டு அது வெளியிடும் முதல் பத்துப் படங்களின் பட்டியலும், அதனோடு வழங்கும் விருதுகளும் அந்நாட்டுத் திரையுலகில் பெருமதிப்பு உடையவை. 1972ஆம் ஆண்டுக்கான பட்டியலில் குமாய் கெய் இயக்கிய, இலக்கியப் படைப்பொன்றைத் தழுவிய ‘ஷினோபுகாவா’ முதலிடம் பெற்றது. அது யாரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய தேர்வுதான். ஆனால் சிறந்த நடிகை விருதும் சிறந்த திரைக்கதை விருதும் சென்ற இடம் வேறு. வயது வந்தோருக்கான படங்களையே பெரிதும் அப்போது தயாரித்துக்கொண்டிருந்த நிக்காத்சு நிறுவனம், சுமார் எழுபது நிமிட நீளத்தில், மிகக் குறைந்த செலவில், விரைந்து எடுத்து முடித்து வெளியிட்ட ஒரு படமே அந்த விருதுகளுக்கு முதன்மைக் காரணமாக இருந்தது. ‘இச்சிஜோ சயூரி: நுரெத்தா யோக்குஜோ’ என்பது அதன் பெயர். ‘நனைந்த வேட்கை’ என்று தமிழில் சொல்லலாம்.

அதே 1972இல் நிக்காத்சுவின் இதே வகைப் படங்கள் ஆபாசக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகிக் காவல்துறையின் பிடியில் இருந்தன. படத்தின் தலைப்பில் பெயர் இடம்பெற்ற பெண்ணும் அதே ஆண்டில் தம் மேடை ஆட்டத்துக்காகக் கைது செய்யப்பட்டு வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்தார். ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே செயலை முன்னிட்டு, விமர்சகர்கள் விருது கொடுத்தார்கள், அரசு விலங்கு பூட்டியது. இது எப்படி நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். (பெயர்கள் ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வருமாறு எழுதப்பட்டுள்ளன.)

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தமிழ் வாசகர்கள் ‘நீலப்படம்’ என்ற சொல்லால் புரிந்துகொள்வது இதுவன்று. இங்கே பேசப்படும் படங்களில் உடலுறவு நடித்துக் காட்டப்பட்டதே தவிர உண்மையில் நிகழ்ந்ததன்று. பிறப்புறுப்புகளையோ அந்தரங்க முடியையோ திரையில் காட்டுவதற்குத் தணிக்கை இடம் தரவில்லை. அவை தணிக்கைச் சான்றிதழுடன் வழக்கமான திரையரங்குகளில் ஓடிய கதைப்படங்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து சிறு நிறுவனங்கள் எடுத்துவந்த ‘பிங்க்’ படங்கள் இந்த மரபின் மூத்த பிள்ளைகள். ஒரு படத்துக்கு முப்பது லட்சம் யென் என்ற கணக்கில் எடுக்கப்பட்டதால் ‘முந்நூறு மான் படங்கள்’ என்றே அவற்றுக்கு ஒரு பெயர் உண்டு. பத்தாயிரத்தை ‘மான்’ என்று எண்ணுவது ஜப்பானிய முறை. நிக்காத்சு 1971இல் செய்தது, அந்தச் சிறு நிறுவனங்களின் தொழிலை ஒரு பெரிய ஸ்டூடியோவின் வசதிகளோடு செய்யத் துணிந்ததுதான்.

துணிவு என்று சொன்னாலும் அதன் வேர் நெருக்கடியில் இருந்தது. 1958இல் ஜப்பானியத் திரையரங்குகளில் விற்ற நுழைவுச்சீட்டுகள் 112 கோடிக்கும் அதிகம். 1972 வாக்கில் அது 20 கோடிக்கும் கீழே சரிந்துவிட்டது. தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்ததே இதற்குத் தலையாய காரணம். 1971 டிசம்பரில் தாயெய் என்னும் பெரிய திரைப்பட நிறுவனம் திவாலானது. 1912இல் தொடங்கப்பட்ட, ஜப்பானின் மிகப் பழைய பெரிய ஸ்டூடியோவான நிக்காத்சு அதே ஆண்டு ஆகஸ்டில் தயாரிப்பை நிறுத்தியது. அதன் அதிரடிப் படங்களைத் தாங்கிநின்ற நட்சத்திரங்கள் வெளியேறினார்கள். இயக்குநர்களிலும் பலர் போனார்கள். எஞ்சியவர்கள் ஒளிப்பதிவாளர்கள், விளக்கு அமைப்பவர்கள், அரங்கம் அமைப்பவர்கள், படத்தொகுப்பாளர்கள், பல்லாண்டுகள் உதவி இயக்குநர்களாகவே காத்திருந்தவர்கள். 1971 நவம்பர் 20 அன்று ‘ரோமான் போர்னோ’ என்ற பெயரில் புதிய வரிசையின் முதல் படங்கள் வெளிவந்தன. அவற்றில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு மனைவியைப் பற்றிய படம் பெரும் வெற்றி பெற்றது. அதன் நாயகி ஷிரகாவா கசுகோ இப்புதிய வகையின் முதல் நட்சத்திரமானார்.

விதிகள் எளியவை. ஒரு படம் எழுபது நிமிட அளவில் இருக்க வேண்டும். செலவு சுமார் 75 லட்சம் யென். படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பாலியல் காட்சி வந்தாக வேண்டும். இவற்றை மீறாத வரை இயக்குநர் எந்தக் கதையை எப்படிச் சொன்னாலும் நிர்வாகம் கேள்வி கேட்பதில்லை. மூன்று படங்களைச் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டில் காட்டுவதும், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை படங்களை மாற்றுவதும் வழக்கமாக இருந்ததால், எந்த ஒரு படமும் தோற்றாலும் நிறுவனம் அதனால் மூழ்கிவிடாது. தோற்றால் மூழ்கிவிடும் என்ற அச்சம் இல்லாத இடத்தில்தான் ஒரு கலைஞனை அவன் விருப்பத்துக்கு விட்டுவிட முடியும். பெரிய செலவில் எடுக்கப்படும் மதிப்புமிக்க படங்களுக்கு இல்லாத இந்தச் சுதந்திரம், மதிப்பற்றவை என்று ஒதுக்கப்பட்ட படங்களுக்குக் கிடைத்தது.

அந்தச் சுதந்திரத்தை முழுதும் பயன்படுத்தியவர் குமாஷிரோ தாத்சுமி. 1927இல் சாகா மாகாணத்தில் பிறந்தவர். ஷோச்சிக்கு திரைப்பட நிறுவனத்தில் உதவி இயக்குநராகத் தொடங்கி 1955இல் நிக்காத்சுவுக்கு வந்தவர், தம் முதல் படத்தை இயக்க 1968 வரை காத்திருந்தார். அந்த முதல் படமான ‘கபுரித்சுகி ஜின்செய்’ ஆடை களையும் ஆட்டக்காரிகளைப் பற்றியது. மேடைக்கு மிக அருகில், ஆட்டக்காரியின் வியர்வை தெறிக்கும் தூரத்தில் இருக்கும் முன்வரிசை இருக்கையைக் ‘கபுரித்சுகி’ என்பார்கள். படம் வசூலில் படுதோல்வி அடைந்தது. அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவருக்கு இயக்கும் வாய்ப்பே தரப்படவில்லை. 1972இன் தொடக்கத்தில் ரோமான் போர்னோ வரிசையில்தான் அவர் மீண்டும் இயக்குநரானார்; அப்போது வயது நாற்பத்து நான்கு. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘நனைந்த வேட்கை’யில் தம் தோல்வியின் களத்துக்கே, ஆடை களையும் அரங்குக்கே, திரும்பினார். இதை நான் தற்செயலாகக் கருதவில்லை. ஒருமுறை கை சுட்ட பொருளையே வாய்ப்புக் கிடைத்தவுடன் மீண்டும் எடுப்பவர், அதில் இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவராகத்தான் இருக்க முடியும்.

இச்சிஜோ சயூரி கற்பனைப் பாத்திரம் அல்லர். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜப்பானில் மிகவும் பேசப்பட்ட மேடை ஆட்டக்காரி அவர். உருகும் மெழுகைத் தம் உடல்மீது தாமே சொட்டவிட்டுக்கொள்ளும் மெழுகுவத்தி ஆட்டம் அவருக்கே உரிய அடையாளமாக இருந்தது. கொமாதா ஷிஞ்சி அவரைப் பற்றி எழுதி 1971இல் வெளிவந்த நூல் அவர் புகழை அரங்குகளுக்கு வெளியேயும் கொண்டுசென்றது, தொலைக்காட்சியிலும் தோன்றினார். ஒசாகாவை மையமாகக் கொண்ட கான்சாய் பகுதியின் அரங்குகள், தோக்கியோ அரங்குகளைவிட வரம்பு கடந்தவை எனப் பெயர் பெற்றவை. சட்டம் மறைக்கச் சொன்னதை மறைக்காமல் காட்டும் ஆட்டத்துக்குத் ‘தொக்குதாஷி’ என்று தனிப் பெயரே அங்கு வழங்கியது. இச்சிஜோ அதன் அரசி என்று கொண்டாடப்பட்டார். 1972 மே மாதத்தில், ஒசாகா அரங்கொன்றில் தம் ஓய்வை அறிவித்து அவர் ஆடிக்கொண்டிருந்த இறுதி ஆட்டங்களின்போது காவல்துறை அவரைக் கைது செய்து, பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டதாக வழக்குத் தொடர்ந்தது. அதிகாரத்தை எதிர்த்து நிற்பவர்களின் அடையாளமாக அவரைக் காணத் தொடங்கிய இளைஞர்களும் போராளிகளும் பலர். அவ்வாறு காணப்பட வேண்டும் என்று அவர் விரும்பினாரா என்பது வேறு கேள்வி.

படத்தில் இச்சிஜோ தாமாகவே தோன்றுகிறார். ஆனால் கதையின் நாயகி அவர் அல்லர். அவர்மீது தீராத பொறாமை கொண்டு, அவருடைய இடத்தை எப்படியாவது பிடித்துவிடத் துடிக்கும் ஹாருமி என்னும் இளம் ஆட்டக்காரியே நாயகி. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் இசயாமா ஹிரோகோ. குமாஷிரோவின் திரைக்கதையில் நான் மிகவும் மதிப்பது இந்த முடிவைத்தான். செய்தித்தாள்கள் எல்லாம் பேசும் ஒரு பெண்ணை வைத்துப் படம் எடுக்கும் எவரும் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத்தான் எடுத்திருப்பார்கள். வறுமையில் தொடங்கி, துன்பத்தில் வளர்ந்து, கைதில் முடியும் ஒரு கண்ணீர்க் கதை எளிதாகவே கிடைத்திருக்கும். குமாஷிரோ அவரை நடுவில் ஒரு விளக்கைப்போல நிறுத்திவிட்டு, அந்த வெளிச்சத்தில் நிற்க முடியாமல் தவிக்கும் இன்னொருத்தியின் பின்னால் கேமராவை அனுப்பிவிட்டார். ஹாருமி பொய் சொல்கிறாள், ஆண்களை ஏய்க்கிறாள், சண்டை பிடிக்கிறாள், திரும்பத் திரும்பத் தோற்கிறாள். ஒரு நொடிகூட அனுதாபம் கேட்பதில்லை. ஆடை களையும் தொழிலை அவமானமாகவோ தியாகமாகவோ காட்டாமல், போட்டியும் தேர்ச்சியும் கர்வமும் நிறைந்த ஒரு தொழிலாகவே படம் காட்டுகிறது. ஒரு நாட்டியக்காரியோ பாடகியோ தன் கலையில் முந்துபவள்மீது கொள்ளும் பொறாமைக்கும் ஹாருமியின் பொறாமைக்கும் இங்கே தரத்தில் வேறுபாடு வைக்கப்படவில்லை.

இசயாமாவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்ததன் பொருளும் இதுதான். அப்போது அவருக்கு இருபது வயது. அதே ஆண்டில் முராகாவா தோரு இயக்கிய முதல் படமான ‘ஷிரோய் யுபி நோ தவமுரே’யிலும் அவரே நாயகி, அதற்கும் திரைக்கதையில் குமாஷிரோவின் பங்கு உண்டு. நடிகைக்கான விருதும் திரைக்கதைக்கான விருதும் இவ்விரு படங்களையும் சேர்த்தே வழங்கப்பட்டன. திறந்த உடலைப் பார்ப்பதற்காக வந்த பார்வையாளனுக்கு முன்னால், அந்த உடலை மறைக்காமலேயே அவன் கவனத்தை முகத்துக்கும் பேச்சுக்கும் திருப்புவது சாதாரண நடிப்புத் திறனால் ஆகக்கூடியதன்று. உடல் திரையில் இருக்கும்போது பார்வையாளன் பாத்திரத்தை மறந்துவிடுவான் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த ஒன்று. ஹாருமியை அவன் மறப்பதில்லை.

படம் எடுக்கப்பட்ட முறையை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். பணமின்மை எப்படி வடிவமாகிறது என்பது அங்கேதான் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் ஹிமேதா ஷின்சாகு, இயக்குநர் இமாமுரா ஷோஹெய்யின் புகழ்பெற்ற படங்களில் பணியாற்றியவர். அப்படிப்பட்டவர் ஒரு மலிவுப் படத்துக்குக் கிடைத்தார் என்றால், ஸ்டூடியோவின் சரிவு அவரைப் போன்ற வல்லுநர்களை அங்கேயே விட்டுச்சென்றிருந்ததே காரணம். குமாஷிரோவும் அவரும் வெட்டாமல் நீளும் காட்சிகளை விரும்பினார்கள். பாத்திரங்கள் தெருவில் நடக்க, ஓட, சண்டையிட, கேமரா கையிலேயே அவர்களைத் தொடர்கிறது. ஒரு காட்சியைப் பத்துத் துண்டுகளாக எடுத்தால் பத்து முறை விளக்குகளை மாற்ற வேண்டும். ஒரே நீளமாக எடுத்தால் நடிகர்களை நன்றாகப் பயிற்றுவித்தால் போதும், நாளும் மிச்சம். சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டதா, அழகியலுக்காகச் செய்யப்பட்டதா என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் இதில் ஒன்றாகிவிட்டன.

ஒலியும் அவ்வாறே. ரோமான் போர்னோ படங்கள் படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவு செய்யாமல், பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலைச் சேர்த்தன. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக வந்த வழக்கம் இது. ஆனால் குமாஷிரோ இதை ஒரு கருவியாகவே மாற்றிக்கொண்டார். உதடு அசையாத இடத்தில் முணுமுணுப்பு வருகிறது; ஒரு பாத்திரம் தனக்குள் பாடும் பழைய பாட்டு, காட்சியின் மேல் மிதந்துகொண்டே போகிறது; சொல்லப்படும் சொல்லுக்கும் திரையில் நிகழும் செயலுக்கும் இடையே ஒரு வெளி திறக்கிறது. அந்த வெளியில்தான் அவருடைய நகைச்சுவையும் துயரமும் குடியிருக்கின்றன. அவருடைய படங்களைப் பார்த்த எவரும் முதலில் நினைவுகூர்வது இந்த முணுமுணுப்பைத்தான்.

இனி வழக்கு. 1972 ஜனவரி இறுதியில் தோக்கியோ காவல்துறை நிக்காத்சுவின் வெளியீடுகள் சிலவற்றின் பிரதிகளைக் கைப்பற்றியது. குற்றவியல் சட்டத்தின் 175ஆவது பிரிவு, ஆபாசமான பொருளைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. நிறுவனத்தினரும் இயக்குநர்களும் மட்டுமல்லாமல், அப்படங்களுக்குச் சான்றிதழ் அளித்த ‘எய்ரின்’ அமைப்பின் தணிக்கையாளர்களும் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். எய்ரின் அரசு நிறுவனம் அன்று. போருக்குப்பின் 1949இல் திரைத்துறையே அமைத்துக்கொண்ட தணிக்கை அமைப்பு. படம் எடுத்தவரோடு படத்தை அனுமதித்தவரையும் கூண்டில் ஏற்றியதன் மூலம், திரைத்துறை தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் ஏற்பாட்டையே அரசு கேள்விக்கு உட்படுத்தியது. 1978இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றமும், 1980இல் உயர்நீதிமன்றமும் அனைவரையும் விடுவித்தன. ‘நனைந்த வேட்கை’ அந்த வழக்கில் சேர்க்கப்பட்ட படம் அன்று. ஆனால் அந்த வழக்கின் நிழலில், அடுத்து எந்தப் படம் கைப்பற்றப்படுமோ என்று யாருக்கும் தெரியாத ஆண்டில் எடுக்கப்பட்ட படம். அந்த ஆண்டின் முடிவில் விமர்சகர்கள் அளித்த வாக்குகளை, திரைப்படக் கலையை மதிப்பிட்டதாக மட்டும் நான் படிக்கவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே நின்று சொல்லப்பட்ட சாட்சியமாகவும் படிக்கிறேன்.

ஆனால் இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. எய்ரின் விதிகளின்படி, இச்சிஜோ மேடையில் எதைக் காட்டியதற்காகக் கைது செய்யப்பட்டாரோ அதைப் படம் காட்ட முடியாது. அவருடைய ஆட்டத்தின் மையம் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டுவிட, மெழுகு, வியர்வை, முகம், மேடையைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும் ஆண்களின் பார்வை ஆகியவையே உள்ளே மிஞ்சின. அந்த விலக்கலே படத்துக்குக் கலை மதிப்பைக் கொடுத்தது என்பது என் துணிபு. காட்ட முடியாததைச் சுற்றிச் சுற்றி வந்ததால்தான், குமாஷிரோவால் ஆட்டக்காரியின் உழைப்பையும் பார்ப்பவனின் ஏக்கத்தையும் இவ்வளவு கூர்மையாகக் காண முடிந்தது. மேடையில் நின்ற பெண்ணுக்கு அந்தச் சட்டகம் இல்லை. அவளுக்கும் பார்வையாளனுக்கும் நடுவே கேமராவும் இல்லை, தணிக்கையாளரும் இல்லை, படத்தொகுப்பு மேசையும் இல்லை. கலையாகக் கருதப்படுவதற்குத் தேவையான தொலைவு படத்துக்குக் கிடைத்தது; அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஆட்டத்தில் தேர்ச்சியும் கற்பனையும் இருந்தன என்பதற்குப் படமே சான்று. ஆனால் அந்தச் சான்று நீதிமன்றத்தில் அவரைக் காக்கவில்லை.

சரியாகச் சொல்வதானால், திரைக்கதை எழுதியவரும் ஹாருமியாக நடித்தவரும் விருது பெற்றதில் எந்தத் தவறும் இல்லை. அவை தகுதியான விருதுகள். அதேநேரம், ஒரு பெண்ணின் பெயரும் உடலும் புகழும் வழக்கும் மூலப்பொருளாக அமைந்த படத்தில், அவர் பங்குக்கு அந்த விருதுகளில் இடம் இல்லை. மலிவுப் படங்களின் கலை மதிப்பைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் இயக்குநரின் பக்கமே நின்றுவிடுகின்றன.

இதற்குப்பின் குமாஷிரோவின் பாதை திறந்துவிட்டது. 1973இல் வந்த ‘யோஜோஹான் ஃபுசுமா நோ உராபாரி’ போன்ற படங்களில் தணிக்கையின் கறுப்புப் பட்டைகளையே கேலிப் பொருளாக்கினார். 1974இல் தோஹோ நிறுவனத்துக்காகப் பொதுப் பார்வையாளருக்கான படம் ஒன்றையும் இயக்கினார். 1995இல் இறக்கும்வரை ஜப்பானின் முதன்மையான இயக்குநர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். ரோமான் போர்னோ வரிசை 1988 வரை நீடித்தது. காணொளி நாடாக்கள் வீட்டுக்குள் வந்தபின் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. பின்னர் இயக்குநரான சோமாய் ஷின்ஜி நிக்காத்சுவில் உதவி இயக்குநராக இருந்துதான் தொழில் கற்றார். இணையாக ஓடிய பிங்க் படங்களில் தொடங்கிய இயக்குநர் தகிதா யோஜிரோ, 2009இல் ‘ஒகுரிபிதோ’வுக்காக வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். 2016இல் நிக்காத்சு பழைய விதிகளை ஒட்டியே புதிய இயக்குநர்களிடம் படங்களைக் கேட்டு வாங்கியது. ஒரு வாரப் படப்பிடிப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு காட்சி ஆகியவை மாறவில்லை. அவற்றில் ஷியோதா அகிஹிகோவின் படம் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

இச்சிஜோ சயூரியின் மேல்முறையீடுகள் பலிக்கவில்லை. தண்டனை உறுதியானபின் சிறைக்குச் சென்று அதை அனுபவித்தார். பிற்காலத்தில் ஒசாகாவில், தினக்கூலிகள் திரண்டு வாழும் கமகசாகி பகுதியில் வறுமையிலும் நோயிலும் வாழ்ந்து, 1997இல் அங்கேயே இறந்தார். படத்தில் அவர் மேடையேறும் காட்சிகளில், வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தில் இருக்கக்கூடிய அச்சத்தின் சுவடு எதுவும் இல்லை. மெழுகுவத்தியைச் சாய்த்துப் பிடித்திருக்கும் கை நடுங்குவதில்லை.